மூன்று சென்ட்டில் ஒரு சென்ட்

ஸ்டீம் தளத்தில் ஒரு கணினி விளையாட்டை வாங்கிச் சில மணி நேரம் ஆடினால், அந்த விளையாட்டின் படம் போட்ட அட்டைகள் சில ஆடியவரின் கணக்கில் வந்து விழும். டிரேடிங் கார்டு என்று பெயர். 2013இல் தொடங்கிய ஏற்பாடு இது. கையால் தொட முடியாத அந்த அட்டைகளை, முழுத் தொகுப்பையும் சேர்க்க ஆசைப்படும் வேறொருவருக்கு ஸ்டீமின் சந்தையிலேயே விற்கலாம். அங்கே ஓர் அட்டையின் மிகக் குறைந்த விலை 3 சென்ட். அதில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 1 சென்ட், விளையாட்டை வெளியிட்டவருக்கு 1 சென்ட், விற்றவருக்கு 1 சென்ட். மூன்றில் இரண்டு பங்கு கட்டணமாகவே போய்விடுகிறது. மிஞ்சிய அந்த ஒரு சென்ட்டும் ஸ்டீம் வாலட்டுக்குள்தான் கிடக்கும். வங்கிக் கணக்குக்கு மாற்ற வழி கிடையாது.

சில்லறைக் காசுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று தோன்றலாம். ஆனால் டிஜிட்டல் சேகரிப்புப் பொருட்களை வாங்கி விற்பவர்கள் இடறி விழும் இடங்களில் பெரும்பாலானவை இந்த மூன்று சென்ட்டுக்குள்ளேயே இருக்கின்றன. விற்பனை விலையில் சதவீதமாக வெட்டப்படும் கமிஷன், பொருள் மலிவானாலும் குறையாத கட்டணம், உருவாக்கியவருக்குப் போகும் பங்கு, கைக்கு வராத பணம் என எல்லாமே உண்டு. தொகை பெரிதாகும்போது இவை மறைவதில்லை. பார்ப்பவர் கண்ணுக்குத்தான் படுவதில்லை.

2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கக் கலைஞர் மைக் விங்கெல்மனின் டிஜிட்டல் படத்தொகுப்பு ஒன்றை விற்றது. விலை 6.93 கோடி டாலர் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற புனைபெயரில் இருந்த விக்னேஷ் சுந்தரேசன், தமிழர். ஏலத்தில் சுத்தியல் தட்டிய விலை 6.025 கோடி டாலர்தான். மேற்கொண்டு ஏறிய சுமார் 90 லட்சம் டாலர், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரவேண்டிய கட்டணம். செய்தியில் வந்த தொகை அவருடைய அடக்கவிலை. மறுநாளே இன்னொருவர் வந்து அதே சுத்தியல் விலைக்குக் கேட்டு, இவரும் கொடுத்திருந்தால், படத்தின் மதிப்பு ஒரு டாலர்கூட இறங்காமலே 90 லட்சம் டாலர் நஷ்டம்.

அதே கலைஞரின் இன்னொரு படைப்பு, 'கிராஸ்ரோட்', எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு. 2020 அக்டோபரில் சுமார் 67,000 டாலருக்கு வாங்கப்பட்ட அது, 2021 பிப்ரவரியில் 66 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஏறத்தாழ நூறு மடங்கு. இப்படிப்பட்ட விற்பனையில் தளத்துக்கும் கலைஞருக்கும் பத்துப் பதினைந்து சதவீதம் கொடுத்தாலும் விற்றவருக்கு அது உறைக்காது. தலைப்புச் செய்தியாவது இந்த மாதிரி விற்பனைகள்தான். அவற்றைப் படித்துவிட்டுச் சந்தைக்குள் நுழைபவர் செய்யப்போவதோ இருபது, முப்பது சதவீத லாபத்தை நம்பிச் செய்யும் வியாபாரம். அங்கே கட்டணம்தான் கதையே.

இதன் அடிப்படை, கமிஷன் மண்டியில் மூட்டை இறக்கிய எவருக்கும் தெரிந்ததுதான். சரக்கு என்ன விலைக்குப் போகிறதோ அந்த விலையில்தான் மண்டிக்காரர் நூற்றுக்கு இத்தனை என்று எடுத்துக்கொள்வார்; விதைக்கும் உரத்துக்கும் என்ன செலவானது, கட்டுபடியானதா என்பது அவர் பேரேட்டில் ஏறாது. டிஜிட்டல் சந்தைகளும் அப்படியே. கமிஷன் லாபத்தின் மேல் கணக்கிடப்படுவதில்லை, விற்றுமுதலின் மேல் கணக்கிடப்படுகிறது. 10 சதவீதக் கட்டணம் என்று கேட்கையில் பலர் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு போகும் என்று மனதுக்குள் எடுத்துக்கொள்கிறார்கள். 20 சதவீதம் விலை ஏறிய பொருளை விற்றால் அந்தக் கட்டணம் லாபத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். விலை 11 சதவீதம் ஏறியிருந்தால் லாபம் என்று எதுவுமே இல்லை.

டிஜிட்டல் படங்களின் உரிமையைப் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிந்து விற்கும் என்.எஃப்.டி. சந்தை உச்சத்தில் இருந்த நாட்களின் கட்டணங்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். அப்போது முன்னணியில் இருந்த ஓப்பன்சீ தளம் ஒவ்வொரு விற்பனையிலும் 2.5 சதவீதம் எடுத்தது. படைத்தவருக்கான ராயல்டி 10 சதவீதம் வரை இருக்கலாம், இங்கே 7.5 என்று கொள்வோம். ஒருவர் 1 ஈதர் (எத்திரியம் பிளாக்செயினின் நாணயம்) கொடுத்து ஒரு படத்தை வாங்குகிறார். அந்தப் பரிமாற்றத்தை எத்திரியம் பிளாக்செயினில் பதிய 0.02 ஈதர் செலவாகிறது. கேஸ் கட்டணம் என்பது இதுதான். விற்பனைக்கு வைக்க முதல்முறை அனுமதி கொடுக்கும்போது இன்னும் 0.005. ஆக அடக்கவிலை 1.025 ஈதர். பிறகு 1.3 ஈதருக்கு விற்கிறார். திரையில் தெரிவது 30 சதவீத லாபம். தளமும் ராயல்டியுமாக 0.13 போக, கைக்கு வருவது 1.17 ஈதர். உண்மையில் மிஞ்சியது 0.145, அதாவது 14 சதவீதம். முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்கவே அவர் ஏறத்தாழ 1.139 ஈதருக்கு விற்றாக வேண்டும்.

இதே கேஸ் செலவில் 0.05 ஈதர் விலையுள்ள மலிவான படம் ஒன்றை வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். அடக்கம் 0.075 ஆகிவிடும், கமிஷனையும் சேர்த்தால் 0.083க்கு மேல் விற்றால்தான் அசல் திரும்பும். விலை மூன்றில் இரண்டு பங்கு ஏறிய பிறகும் லாபம் பூஜ்யம். காசு குறைவாக இருக்கிறது, சின்னதாக ஆரம்பிக்கலாம் என்ற நிதானமான புத்தி இந்தச் சந்தையில் எதிராக வேலை செய்தது. கேஸ் கட்டணம் பொருளின் விலையைப் பார்ப்பதில்லை. அந்த நிமிடத்தில் பிளாக்செயினில் எவ்வளவு நெரிசல் என்பதைத்தான் பார்க்கிறது.

நெரிசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாட்சி, 2022 ஏப்ரல் 30 இரவு. போர்ட் ஏப் படங்களுக்குப் பேர்போன யூகா லேப்ஸ் நிறுவனம், அதர்சைட் என்ற மெய்நிகர் உலகத்தின் 55,000 மனைகளை விற்பனைக்கு விட்டது. ஒரு மனை, ஏப்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தில் 305, அன்றைய மதிப்பில் சுமார் 5,800 டாலர். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் முண்டியடித்ததில், பலருக்கு ஒரு மனையைப் பதியும் கேஸ் கட்டணமே மனையின் விலையை எட்டியது, சிலருக்குத் தாண்டியது. மொத்தமாக 15 கோடி டாலருக்கு மேல் கேஸாகவே எரிந்தது. பரிமாற்றம் பாதியில் தோற்றுப்போனவர்களுக்கு மனையும் இல்லை, கட்டிய கேஸும் போனது. யூகா நிறுவனம் பின்னர் அப்படித் தோற்ற பரிமாற்றங்களுக்கான தொகையைத் தன் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தது. அது அந்த நிறுவனம் காட்டிய சலுகை. பிளாக்செயினின் விதியில் அப்படி ஒன்றும் இல்லை. வாங்கி விற்பவரின் நோட்டில் தோற்ற முயற்சிகளுக்கும் ஒரு வரி வேண்டும். பெரும்பாலோர் எழுதாமல் விடுவது இதைத்தான்.

ஏமாற்ற வந்தவர்களையே கேஸ் ஏமாற்றியிருக்கிறது. தன்னுடைய இன்னொரு வாலட்டுக்குத் தானே விற்று, தானே வாங்கி, பொருளுக்குக் கிராக்கி இருப்பதுபோல் காட்டுவது ஒரு மோசடி உத்தி. செயினாலிசிஸ் என்ற பிளாக்செயின் ஆய்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டின் தரவுகளில் இப்படி 25 முறைக்கு மேல் செய்த 262 பேரைக் கண்டெடுத்தது. அவர்களில் லாபம் பார்த்தவர்கள் 110 பேர். சேர்ந்து சுமார் 89 லட்சம் டாலர் சம்பாதித்தார்கள். மற்ற 152 பேருக்கு மொத்தம் 4 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். போலி விற்பனை ஒவ்வொன்றுக்கும் கேஸ் கட்டினார்கள். நம்பி வாங்க ஆள் வரவில்லை. விலையைத் தாங்களே எழுதிக்கொண்ட இடத்திலும் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டணத்தைத் தாண்ட முடியவில்லை.

மேலே போட்ட கணக்கு முழுக்க ஈதரில் இருந்தது. வாடகையும் மளிகையும் ஈதரில் வருவதில்லை. அந்தப் படத்தை 2022 ஜனவரி முதல் நாள் வாங்கி, ஜூன் கடைசியில் விற்றதாக வைத்துக்கொண்டால், இடையில் ஒரு ஈதரின் விலை சுமார் 3,700 டாலரிலிருந்து 1,100 டாலர் அளவுக்குச் சரிந்திருந்தது. வாங்க ஆன செலவு சுமார் 3,790 டாலர். விற்று வந்தது சுமார் 1,290. ஈதர் கணக்கில் 14 சதவீத லாபம், டாலர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. இதில் ஒரு நியாயமும் உண்டு: படத்தை வாங்காமல் ஈதரை அப்படியே வைத்திருந்தாலும் அவருக்கு இதைவிடச் சற்று அதிக நஷ்டம்தான். படத்தைத் தேர்ந்த திறமையால் சுமார் 160 டாலர் மிஞ்சியது. நாணயத்தைத் தேர்ந்ததில் பெரும்பகுதி போனது. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் எழுதுபவர் எதில் தேர்ந்தவர், எதில் அதிர்ஷ்டசாலி என்பதைத் தாமே அறிய மாட்டார். ஈதர் ஏறிக்கொண்டிருந்த 2021இல் தங்களைப் படங்களின் ரசிகமணிகளாக நினைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் வெறும் ஈதர் வைத்திருந்தவர்கள் என்பது யோசிக்கத்தக்கது.

ராயல்டியின் கதை தனி. ஒவ்வொரு மறுவிற்பனையிலும் கலைஞருக்குப் பங்கு என்பது என்.எஃப்.டி.க்களின் பெரிய வாக்குறுதியாகச் சொல்லப்பட்டது. பணமும் வந்தது: 2022 அக்டோபரில் கேலக்சி டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, எத்திரியத்தில் மட்டும் அதுவரை 180 கோடி டாலருக்கு மேல் ராயல்டியாகப் போயிருந்தது. ஆனால் எத்திரியத்தின் வழக்கமான என்.எஃப்.டி. நிரலில் ராயல்டியைக் கட்டாயமாக வசூலிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. சந்தைத் தளங்கள் மனமுவந்து பிடித்துக் கொடுத்த தொகை அது. அதே மாதத்தில் ப்ளர் என்ற தளம் கமிஷனே இல்லாமல் வந்து வியாபாரிகளை இழுத்தது. 2023 பிப்ரவரியில் ஓப்பன்சீ தன் 2.5 சதவீதத்தைத் தற்காலிகமாகப் பூஜ்யமாக்கியது. அந்த ஆகஸ்டில் ராயல்டியைக் கட்டாயமாகப் பிடிக்கும் ஏற்பாட்டையும் கைவிடுவதாக அறிவித்தது. விற்பவருக்கு லாபமா? ஒரு விற்பனையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஆம். ஆனால் கட்டணம் குறைந்த அதே காலத்தில் வாங்க வருபவர்களும் குறைந்துபோனார்கள். 10 சதவீதம் மிச்சமாகும் நேரத்தில் விலை பாதியாகும் என்றால், கட்டணக் குறைப்பைக் கொண்டாட ஆள் இருக்காது.

ஸ்டீம் சந்தைக்குத் திரும்பினால், அங்கே பிளாக்செயினும் இல்லை, கேஸும் இல்லை. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டின் ஸ்கின்கள், அதாவது துப்பாக்கிக்கும் கத்திக்கும் பூசும் வண்ணக்கோலங்கள், அங்கே நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. ஸ்டீமுக்கு 5, விளையாட்டுக்கு 10 என்று மொத்தம் 15 சதவீதக் கட்டணம். இந்த 15 சதவீதம் விற்பவர் பெறும் தொகையின் மேல் கூட்டப்படுவது: வாங்குபவர் 115 கொடுத்தால் விற்பவருக்கு 100. வாங்குபவர் விலையிலிருந்து பார்த்தால் வெட்டு 13 சதவீதம்தான். 115இல் 15 சதவீதத்தைக் கழித்து 97.75 என்று எழுதுபவரும் தவறு செய்கிறார். 100க்கு வாங்கியதை 113க்கு விற்றால் அசல் வந்துவிடும் என்று நினைப்பவரும் தவறு செய்கிறார்.

அங்குள்ள பெரிய சிக்கல் சதவீதத்தில் இல்லை. விற்ற பணம் வாலட்டுக்குள் பூட்டிக்கொள்கிறது. அதைக் கொண்டு ஸ்டீமில் விளையாட்டு வாங்கலாம், இன்னொரு ஸ்கின் வாங்கலாம், அவ்வளவுதான். ரொக்கம் வேண்டியவர்கள் வெளித் தளங்களுக்குப் போகிறார்கள். அங்கே கமிஷன் குறைவு, ஆனால் அதே கத்தியின் விலையும் ஸ்டீமில் இருப்பதைவிடக் குறைவு. ஒரே பொருளுக்கு இரண்டு விலை என்பதைவிட, இரண்டு விதமான டாலர் புழங்குகிறது என்பதே பொருத்தம். ஒருவர் வெளியே ரொக்கமாக 300 டாலர் கொடுத்து ஒரு கத்தியை வாங்கி, ஸ்டீமில் 400க்கு விற்கிறார் என்று வைப்போம். கட்டணம் போக வாலட்டில் 347.83 சேரும். ஏறத்தாழ 48 டாலர் லாபம் என்று திரை சொல்லும். வாலட்டின் ஒரு டாலர் ரொக்கத்தில் 80 சென்ட்தான் பெறும் என்று கொண்டால், அவரிடம் இருப்பது 278 டாலர். நஷ்டம் 22. எப்படியும் விளையாட்டு வாங்கத்தான் போகிறார் என்றால் இது நல்ல வியாபாரம். பிழைப்புக்காகச் செய்கிறார் என்றால் இல்லை. ஒரே பரிமாற்றம், ஆளைப் பொறுத்து லாபமும் நஷ்டமும்.

காத்திருப்பும் ஒரு செலவுதான். ஸ்டீமில் வாங்கிய ஸ்கினை ஏழு நாள் கைமாற்ற முடியாது. கூடைப்பந்து விளையாட்டின் காணொளித் துண்டுகளை விற்ற என்.பி.ஏ. டாப் ஷாட் தளத்தில் கமிஷன் 5 சதவீதம்தான். ஆனால் 2021இன் தொடக்கத்தில், விலைகள் உச்சத்தில் இருந்தபோது, விற்ற பணத்தை வங்கிக்கு எடுக்கப் பலர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கும் நாட்களில் விதியே மாறவும் கூடும். 2025 அக்டோபரில் வால்வ் நிறுவனம், ஐந்து சிவப்புத் தரத்து ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தியாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அரிய பொருளாக இருந்த கத்திகளின் விலை ஒரே நாளில் சரிந்தது; சிவப்பு ஸ்கின்களின் விலை எகிறியது. அருமையை உருவாக்கியவரே அதைக் கலைக்கவும் முடியும் என்ற ஆபத்துக்கு எந்தத் தளமும் கட்டணப் பட்டியலில் வரி ஒதுக்குவதில்லை.

விற்காமல் கிடக்கும் சரக்குதான் எல்லோரும் விரும்பியபடி எழுதிக்கொள்ளும் இடம். ட்விட்டரின் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் ட்வீட்டை, 2021 மார்ச்சில் சினா எஸ்டாவி என்பவர் 29 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2022 ஏப்ரலில் அதை 4.8 கோடி டாலருக்கு விற்பனைக்கு வைத்தார். வந்த கேட்பு விலைகளில் உயர்ந்தது அந்நாளில் சுமார் 280 டாலர். விற்பவர் எழுதி வைத்த விலைக்கும் வாங்குபவர் கையிலிருக்கும் விலைக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் விழலாம் என்பதற்கு இதைவிட அளவுகோல் வேண்டாம். சந்தையில் பெரிதும் பேசப்படும் ஃப்ளோர் பிரைஸ்கூட, ஒரு தொகுப்பில் விற்பனைக்கு வைத்திருப்பவற்றில் ஆகக் குறைந்த விலை மட்டுமே. அந்த விலைக்கு வாங்க யாரும் நிற்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. கையிருப்பை மதிப்பிட நம்பத்தக்கது, இப்போது நிலுவையில் உள்ள உயர்ந்த கேட்பு விலையிலிருந்து கட்டணங்களைக் கழித்து வரும் தொகை. பல தொகுப்புகளுக்கு அது பூஜ்யம்.

வெற்றி விகிதங்களையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஓப்பன்சீ தரவுகளை வைத்து செயினாலிசிஸ் சொன்ன கணக்குப்படி, புதிதாக வெளியாகும்போதே வாங்கி விற்றவர்களில், முன்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 75.7 சதவீத வேளைகளில் லாபம் கண்டார்கள், இடம்பெறாதவர்கள் 20.8 சதவீத வேளைகளில் மட்டுமே. உள்ளே ஆள் தெரிந்தவனுக்கும் வாசலில் நிற்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. விற்று முடிந்த பரிமாற்றங்கள்தான் இந்தக் கணக்கில் வருகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. விலைபோகாமல் வாலட்டில் உறைந்துபோனவை விற்பனையாகவே பதிவாகவில்லை; அதனால் தோல்வியாகவும் பதிவாகவில்லை.

கடைசியில் வரி. இந்தியாவில் வசிப்பவருக்கு மற்ற எல்லாக் கட்டணங்களையும்விட இதுதான் கனமானது. 2022 பட்ஜெட்டில் வந்த விதிப்படி, என்.எஃப்.டி.க்கள் உள்ளிட்ட மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை விற்ற ஆதாயத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். கழிக்க அனுமதிக்கப்படுவது வாங்கிய விலை மட்டும். விற்கும்போது தளம் பிடித்த கமிஷன் உட்பட வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கி 1,08,000க்கு விற்றவரிடம் 10 சதவீதக் கட்டணமாக 10,800 போனால், கைக்கு வந்தது 97,200. அவருக்கு 2,800 ரூபாய் நஷ்டம். சட்டத்தின் பார்வையில் 8,000 ரூபாய் ஆதாயம். வரியும் செஸ்ஸும் 2,496. நஷ்டப்பட்ட வியாபாரத்துக்கு வரி கட்டி, நஷ்டத்தை 5,296 ஆக்கிக்கொள்கிறார்.

ஒரு படத்தில் 50,000 லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம் என்றால் ஆண்டுக் கணக்கு பூஜ்யம் என்று அவர் நினைப்பார். ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் ஈடுகட்ட அனுமதியில்லை. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வரி 15,600. இதுபோக, சிறு தொகைகளுக்கு விலக்கு உண்டென்றாலும், 2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனைத் தொகையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கப்படுகிறது. வரி கட்டும்போது வரவு வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரே முதலை ஆண்டில் ஐம்பது முறை சுழற்றினால், லாப நஷ்டம் எதுவும் இல்லாவிட்டாலும் முதலில் ஏறத்தாழ 40 சதவீதம் அதற்குள் அரசிடம் போய் முடங்கிவிடும்.

அமெரிக்காவில் விகிதமும் வேறு, கணக்கிடும் முறையும் வேறு. ஈதரைக் கொடுத்துப் படம் வாங்குவதே அங்கே ஈதரை விற்றதாகக் கொள்ளப்பட்டு வரிக்குள் வரும். சில வகை என்.எஃப்.டி.க்களைக் கலைப்பொருள், அஞ்சல்தலை போன்ற சேகரிப்புப் பொருட்களாகக் கருதி, நீண்டகால ஆதாயத்துக்கு 28 சதவீதம் வரை விதிக்கலாம் என்று வருமானவரித் துறை 2023 மார்ச்சில் கோடி காட்டியது. ஆனால் விற்பனைச் செலவைக் கழிக்கலாம், நஷ்டத்தை லாபத்தில் ஈடுகட்டலாம். இதை நம்பி ஒரு தொழிலே பிறந்தது. 2022 நவம்பர் வாக்கில் தொடங்கிய அன்செல்லபிள் என்ற சேவை, யாரும் சீண்டாத என்.எஃப்.டி.க்களைப் பெயருக்கு ஒரு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. விற்றவர்கள் அந்த ரசீதை வைத்து நஷ்டத்தைக் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் அந்த ரசீதுக்கு வேலையில்லை.